நெகிழ்வும் நெறியும்

நுழையும்முன்

பெரும்பணி ஒன்றைத் தொடங்குமுன் திட்டமிட வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், திட்டமிட்ட நாளில் அறிந்திராத செய்திகள் பணி நடக்கும்போது தெரியவந்தால் என்ன செய்வது? திட்டத்தையே பற்றிக்கொண்டிருப்பதா? மாற்றிக்கொள்வதா? மாற்றுவதாயின், அதனை முடிவு செய்பவர் யார்? பொதுப்பணம் செலவாகும் இடத்தில் இவ்வினாக்கள் மேலும் கூர்மை பெறுகின்றன. தகவல் தொழில்நுட்பத் துறை தன் தோல்விகளிலிருந்து இவற்றுக்குக் கண்ட விடையினை இப்பாடம் விளக்குகிறது.

ஆளுகையும் மேலாண்மையும்

நிறுவனங்களைப் பற்றிப் பேசும்போது 'மேலாண்மை', 'ஆளுகை' என்னும் இரு சொற்களும் ஒரே பொருளில் வழங்கப்படுவதுண்டு. அவை வேறானவை. பணியைத் திட்டமிட்டு, ஆட்களை அமர்த்தி, நாள்தோறும் நடத்திச் செல்வது மேலாண்மை. அப்பணி யாருக்காக நடைபெறுகிறது, அதற்கான முடிவுகளை எடுக்கும் உரிமை யாருக்கு உண்டு, செலவிட்ட பணத்திற்கு யார் விடை கூற வேண்டும், பணி தவறான திசையில் சென்றால் அதனை நிறுத்துபவர் யார் என்பவற்றை வரையறுப்பது ஆளுகை. ஒரு நிறுமத்தில் பங்குதாரர்களின் சார்பாக இயக்குநர் குழு இப்பொறுப்பை ஏற்கிறது. அரசில் சட்டமன்றமும் நாடாளுமன்றமும் தணிக்கை அமைப்புகளும் மக்களின் சார்பாக இதனைச் செய்கின்றன.

தகவல் தொழில்நுட்பத் துறையில் ஆளுகை கடினமானது. ஆற்றின் குறுக்கே பாலம் கட்டும்போது தூண்கள் எழுவதை யாவரும் காணலாம். பத்துத் தூண்களுள் ஆறு எழுந்தன என்றால், மீதம் நான்கு என்பது கண்ணுக்குத் தெரியும். மென்பொருளோ கண்ணுக்குப் புலனாகாத படைப்பு. 'பணி எண்பது விழுக்காடு முடிந்தது' என்று ஓர் அறிக்கை கூறினால், அதனைப் படிப்பவர் நம்பலாம் அல்லது ஐயுறலாம். சரிபார்க்க எளிய வழியில்லை. எனவேதான் இத்துறையில், அறிக்கைகள் யாவும் நன்றாக இருந்தும் இறுதியில் கையில் எதுவும் வராத நிலை பலமுறை நேர்ந்தது.

அருவி முறை

தொடக்கக் காலத்தில் பெரிய மென்பொருள் திட்டங்கள் படிப்படியான ஒரு வரிசையில் நடைபெற்றன. முதலில் தேவைகள் அனைத்தையும் எழுதுவர், அடுத்து வடிவமைப்பர், பின்னர் நிரல் எழுதுவர், அதன்பின் சோதிப்பர், இறுதியில் பயனர்களிடம் ஒப்படைப்பர். ஒரு படியிலிருந்து வழிந்த நீர் மேலேறாததுபோல, முடிந்த கட்டத்திற்கு மீண்டும் செல்வதில்லை என்பதால் இது 'அருவி முறை' எனப்பட்டது.

இம்முறை ஆளுகைக்கு ஏற்றதாகவே தோன்றியது. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஓர் ஆவணம் கிடைக்கும்; குழு கூடும்; ஆவணத்திற்கு ஒப்புதல் அளிக்கும்; அடுத்த கட்டத்திற்குப் பணம் ஒதுக்கப்படும். ஆயினும் இதில் ஒரு பெருங்குறை உண்டு. பயனர் முதன்முதலாகப் பொருளைக் காண்பது இறுதிக் கட்டத்தில்தான். தொடக்கத்தில் புகுந்த பிழை, பணமும் காலமும் செலவான பின்னரே வெளிப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்கப் பொறியாளர் வின்ஸ்டன் ராய்ஸ் 1970ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் இப்படிநிலை வரிசையைப் படமாக வரைந்து காட்டினார். அதனால் அவரே அருவி முறையின் தந்தை எனப் பலரால் கருதப்படுகிறார். ஆனால், அவ்வரிசையை அப்படியே பின்பற்றுவது இடர் நிறைந்தது என்பதை அக்கட்டுரையிலேயே அவர் சுட்டிக்காட்டினார். படத்தைக் கைக்கொண்ட உலகம் எச்சரிக்கையை மறந்தது.

மாற்றுவழியின் தோற்றம்

மாற்றுச் சிந்தனைக்கான வித்துகள் தொழிற்சாலைகளிலும் கிடைத்தன. ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் தாயிச்சி ஓனோ முதலியோர் உருவாக்கிய உற்பத்தி முறையில், பொருத்து வரிசையில் நிற்கும் தொழிலாளி குறை ஒன்றைக் கண்டவுடன் தம் அருகிலுள்ள கயிற்றை இழுப்பார். குழுத்தலைவர் உடனே வருவார். குறை தீராவிடில் வரிசை நின்றுவிடும். மேலாளர் மட்டுமே கொண்டிருந்த 'நிறுத்தும் உரிமை' இங்குக் குறையை முதலில் காண்பவருக்கு வழங்கப்பட்டது. இது மேலாண்மைச் சீர்திருத்தம் மட்டுமன்று. ஆளுகைச் சீர்திருத்தமும் ஆகும்.

1986ஆம் ஆண்டு ஹிரோடகா தாகேயுச்சி, இகுஜிரோ நோனாகா என்னும் ஜப்பானிய அறிஞர்கள் இருவர், புதிய பொருள்களை விரைந்து உருவாக்கும் நிறுவனங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒரு துறை முடித்து அடுத்த துறையிடம் கைமாற்றும் முறையைத் தொடர் ஓட்டத்திற்கும், பல துறையினரும் ஒரே குழுவாக இணைந்து முன்னேறும் முறையை ரக்பி விளையாட்டிற்கும் அவர்கள் ஒப்பிட்டனர். அவ்விளையாட்டில் வீரர்கள் தோள்சேர்ந்து நிற்கும் நிலைக்கு 'ஸ்கிரம்' என்று பெயர். அப்பெயரைத் தாங்கிய மென்பொருள் உருவாக்க முறையினைக் கென் ஷ்வேபர், ஜெஃப் சதர்லாண்டு ஆகியோர் 1995ஆம் ஆண்டு ஒரு மாநாட்டில் அறிமுகப்படுத்தினர்.

2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஸ்னோபேர்டு என்னும் மலை வாழிடத்தில் மென்பொருள் வல்லுநர்கள் 17 பேர் கூடினர். தனித்தனி முறைகளைப் பின்பற்றிவந்த அவர்கள், தம்முள் பொதுவான நான்கு விழுமியங்களை வகுத்து வெளியிட்டனர். பன்னிரண்டு கோட்பாடுகளும் அவற்றுக்குத் துணையாயின. செயல்முறைகளினும் மனிதர்களின் ஊடாட்டத்திற்கும், விரிவான ஆவணங்களினும் இயங்கும் மென்பொருளுக்கும், ஒப்பந்தப் பேரத்தினும் வாடிக்கையாளரோடு இணைந்து செயல்படுவதற்கும், தீட்டிய திட்டத்தினும் மாற்றத்திற்கு ஈடுகொடுப்பதற்கும் அவர்கள் முதன்மை அளித்தனர். ஆவணமும் ஒப்பந்தமும் திட்டமும் வேண்டா என்று அவர்கள் கூறவில்லை என்பது கருதத்தக்கது. இவ்வணுகுமுறைக்கு 'அஜைல்' என்று பெயரிட்டனர். நாம் இதனை 'நெகிழ்திற அணுகுமுறை' எனலாம்.

ஒரு புலனாய்வு அமைப்பின் பட்டறிவு

நெகிழ்திற அணுகுமுறையில் ஆளுகை எவ்வாறு மாறுகிறது என்பதை உணர, அமெரிக்காவின் மையப் புலனாய்வு அமைப்பாகிய எஃப்.பி.ஐ.யின் பட்டறிவு சிறந்த சான்று.

2001ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரிலிருந்த அவ்வமைப்பின் புலனாய்வாளர் ஒருவர், ஐயத்திற்குரிய சிலர் விமானம் ஓட்டும் பயிற்சி பெறுவதைத் தலைமையகத்திற்கு எழுதியனுப்பினார். செப்டம்பர் 11ஆம் நாள் தாக்குதல் நிகழும்வரை அக்குறிப்பு உரிய பலரைச் சென்றடையவில்லை. ஓர் அலுவலகத்தில் இருக்கும் செய்தி மற்றோர் அலுவலகத்திற்குத் தெரியாத நிலைக்கு, காகிதக் கோப்புகளும் பழமையான கணினி அமைப்பும் ஒரு காரணமாயின. எனவே, வழக்குக் கோப்புகளை மின்னணு வடிவில் கையாளும் மென்பொருள் உயிர்களைக் காக்கும் கருவியாகவே கருதப்பட்டது.

'மெய்நிகர் வழக்குக் கோப்பு' என்னும் திட்டம் விரைந்து முடுக்கிவிடப்பட்டது. அதன் தேவைகளைக் கூறும் ஆவணம் 800 பக்கங்களைத் தாண்டியது. பழைய அமைப்பிலிருந்து புதியதற்கு ஒரே வீச்சில் மாறிவிடுவது என்பதும் திட்டத்தின் பகுதியாக இருந்தது. பணி நடந்துகொண்டிருந்தபோதே தேவைகள் மாறிக்கொண்டிருந்தன. பொறுப்பிலிருந்த அலுவலர்களும் அடுத்தடுத்து மாறினர். 2003ஆம் ஆண்டு டிசம்பரில் மென்பொருள் ஒப்படைக்கப்பட்டபோது, 17 குறைகளைச் சுட்டி எஃப்.பி.ஐ. அதனை ஏற்க மறுத்தது. குறைகள் யாருடையவை என்னும் வழக்கு எழுந்தது. 2005ஆம் ஆண்டு திட்டம் கைவிடப்பட்டது. ஏறத்தாழ 17 கோடி டாலர் செலவான அம்முயற்சியில் 10 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகை, பயன்படுத்த இயலாத நிரலுக்காகச் செலவாகியிருந்தது.

2006ஆம் ஆண்டு 'சென்டினல்' என்னும் புதிய திட்டம் தொடங்கப்பட்டது. இம்முறை நான்கு கட்டங்கள் வகுக்கப்பட்டன, மதிப்பீடு 42.5 கோடி டாலர். 2009ஆம் ஆண்டு டிசம்பரில் நிறைவுபெறும் எனக் கூறப்பட்டது. பின்னர் மதிப்பீடு 45.1 கோடியாக உயர்ந்தது. 2010ஆம் ஆண்டு ஆகஸ்டில் 40.5 கோடி டாலர் செலவாகியிருந்தது. நான்கு கட்டங்களுள் இரண்டே முடிந்திருந்தன. அதே முறையில் தொடர்ந்தால் மேலும் 35.1 கோடி டாலரும் ஆறு ஆண்டுகளும் தேவைப்படும் எனச் சார்பற்ற மதிப்பீடு ஒன்று தெரிவித்தது.

இந்நிலையில் எஃப்.பி.ஐ. பணியை நிறுத்த ஆணையிட்டு, உருவாக்கப் பொறுப்பைத் தானே நேரடியாக ஏற்றது. பணியாளர் எண்ணிக்கை பெரிதும் குறைக்கப்பட்டது. எஞ்சிய தேவைகள் 670 'பயனர் கதைகளாக' எழுதப்பட்டன. 'புலனாய்வாளராகிய நான் இதனைச் செய்ய விரும்புகிறேன். ஏனெனில் இப்பயன் வேண்டும்' என்னும் அமைப்பில் எழுதப்படும் சிறு குறிப்பே பயனர் கதை. பணிக்காலம் இரண்டு வாரக் குறுஓட்டங்களாகப் பகுக்கப்பட்டது. ஒவ்வொரு குறுஓட்டத்தின் முடிவிலும், முடிந்த பகுதியை இயக்கிக் காட்ட வேண்டும் என்பது விதி.

எல்லாம் எளிதாக நடந்துவிடவில்லை. ஓராண்டில் முடியும் என்று கருதப்பட்ட பணி நீண்டது. 2011ஆம் ஆண்டு அக்டோபரில் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்திப் பார்த்த சோதனையின்போது அமைப்பு நின்றுபோனது. கணினிகளின் திறன் போதவில்லை என்பது தெரிந்தது. வன்பொருள் மேம்படுத்தப்பட்டபின், 2012ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் சென்டினல் பணியாளர் அனைவருக்கும் வழங்கப்பட்டது. 45.1 கோடி டாலர் என்னும் வரம்பு மீறப்படவில்லை. ஈராண்டுகளுக்குப் பின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் நடத்திய ஆய்வில், அதன் தேடும் வசதி பலருக்கு நிறைவளிக்கவில்லை என்பது வெளிப்பட்டது. ஆயினும், பத்தாண்டுக் காலமாகக் கைகூடாதது பயனர்களின் கைக்கு வந்துசேர்ந்தது.

மாறியது எது?

இரு காலங்களிலும் கண்காணிப்பு இருந்தது. அறிக்கைகள் எழுதப்பட்டன, தணிக்கைகள் நடைபெற்றன. அப்படியாயின் மாறியது எது?

முதலாவதாக, ஆளுகை காணும் பொருள் மாறியது. முன்பு அது பணியைப் பற்றிய ஆவணத்தைக் கண்டது. பின்பு பணியையே கண்டது. இயங்கும் மென்பொருளைக் கண்முன் காட்டும்போது, 'எண்பது விழுக்காடு' என்னும் சொல்லுக்குப் பின் ஒளிந்துகொள்ள இயலாது. முடிந்தது இயங்கும், முடியாதது இயங்காது.

இரண்டாவதாக, பிழைக்கும் அதன் வெளிப்பாட்டிற்கும் இடைப்பட்ட காலம் சுருங்கியது. ஆண்டுக்கணக்கில் மறைந்திருக்கக்கூடிய தவறு இரண்டு வாரங்களில் வெளிப்படும்போது, இழப்பு இரண்டு வார உழைப்பே.

மூன்றாவதாக, முடிவெடுக்கும் உரிமை பகிர்ந்தளிக்கப்பட்டது. எந்தக் கதையை முதலில் நிறைவேற்றுவது என்பதைப் பயனர் சார்பாளர் முடிவு செய்தார். எவ்வாறு நிறைவேற்றுவது என்பதைக் குழு முடிவு செய்தது. பணியைத் தொடர்வதா, நிறுத்துவதா என்பது தலைமையின் பொறுப்பாக இருந்தது. சிறு முடிவுகள் மேலே சென்று காத்திருக்கவில்லை. பெரு முடிவுகள் கீழே நழுவிவிடவில்லை.

நான்காவதாக, நிறுத்துவது தோல்வியின் அடையாளம் என்னும் எண்ணம் மாறியது. செலவிட்ட பணம் வீணாகிவிடுமே என்று அஞ்சி மேலும் பணத்தைக் கொட்டுவது மனித இயல்பு. 40.5 கோடி டாலர் செலவிட்ட பின்னரும் பணியை நிறுத்தி, வழியை மாற்றத் துணிந்த முடிவுதான் சென்டினலைக் காத்தது. அத்துணிவும் ஆளுகையின் கடமையே.

பெயர் மட்டும் போதாது

நெகிழ்திறன் என்னும் பெயரைச் சூட்டிக்கொண்டால் போதுமா? போதாது என்பதற்குப் பிரிட்டனின் 'யுனிவர்சல் கிரெடிட்' திட்டம் சான்று. உழைக்கும் வயதினருக்கான ஆறு வகை உதவித்தொகைகளை ஒன்றாக இணைக்கும் அத்திட்டத்திற்கான மென்பொருளை நெகிழ்திற முறையில் உருவாக்கப் பணி மற்றும் ஓய்வூதியத் துறை முற்பட்டது. அவ்வளவு பெரிய அளவில் அம்முறையைக் கையாண்ட பட்டறிவு அத்துறைக்கு இல்லை. முறை புதிது, ஒப்பந்தங்களும் ஒப்புதல் நடைமுறைகளும் பழையவை.

2013ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, திட்டத்தின் கட்டுப்பாடும் மேற்பார்வையும் வலுவற்றிருந்ததைக் கண்டித்தது. நற்செய்திகளையே மேலே அனுப்பும் வழக்கமும், வெளியார் கருத்தை நுழையவிடாத கோட்டை மனப்பான்மையும் குழுவில் நிலவியதை அது எடுத்துரைத்தது. 3.4 கோடி பவுண்டு மதிப்புள்ள கணினிப் படைப்புகள் பயனற்றவையெனக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே திட்டம் மறுசீரமைப்புக்கு உள்ளாகியிருந்தது.

சென்டினலில் வெற்றியும் இங்கே இடறலும் நேர்ந்தமைக்குக் காரணம் முறையின் பெயரன்று. குறையை உரக்கக் கூறுவதற்கு இடமிருந்ததா, கூறியதைக் கேட்பதற்குத் தலைமை இருந்ததா என்பதே வேறுபாடு. கெட்ட செய்தி மேலே செல்லாத நிறுவனத்தில், இரண்டு வாரத்திற்கு ஒருமுறை கூடினாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடினாலும் பயன் ஒன்றே.

நெறி வகுத்த நெகிழ்வு

அதே பிரிட்டனில் இதற்கு மாறான முயற்சியும் நடந்தது. 2011ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட அரசு மின்னணுச் சேவை அமைப்பு, பல துறைகளின் இணையதளங்களுக்கு மாற்றாக ஒரே தளத்தை உருவாக்கி, 2012ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் தொடங்கியது. 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் அரசின் மின்னணுச் சேவைகளுக்கான தர வரையறை ஒன்று நடைமுறைக்கு வந்தது. அது அப்போது 26 கூறுகளைக் கொண்டிருந்தது.

சேவையொன்று கண்டறிதல், முன்மாதிரி, வெள்ளோட்டம், முழுப்பயன்பாடு என்னும் நிலைகளைக் கடக்க வேண்டும். தேர்ந்த மதிப்பீட்டுக் குழுவினர் சேவையை நேரில் கண்டு வினாக்களை எழுப்புவர். பயனர்களோடு பேசினீர்களா, பேசியதனால் எதனை மாற்றினீர்கள் என்பன போன்றவை அவ்வினாக்களின் சாரம். தேறாத சேவை அடுத்த நிலைக்குச் செல்லாது. அவ்வரையறையின் இறுதிக் கூறு சுவையானதாக இருந்தது: பொறுப்பு அமைச்சரே அச்சேவையைத் தொடக்கம் முதல் முடிவு வரை பயன்படுத்திப் பார்க்க வேண்டும் என அது கூறியது. கையொப்பமிடும் கை, பொத்தானை அழுத்தியும் பார்க்க வேண்டும் என்பது அதன் உட்பொருள்.

எல்லைகள்

நெகிழ்திற அணுகுமுறை எல்லா நோய்க்கும் மருந்தன்று. மென்பொருளைத் திருத்துவது எளிது. ஊற்றிய காரையைத் திருத்துவது அரிது. அணை, பாலம் போன்றவற்றில் அடித்தளம் இடுமுன்பே கணக்கீடு முற்றுப்பெற வேண்டும். உயிர்காக்கும் மருத்துவக் கருவிகளிலும் வானூர்திகளிலும் பாதுகாப்பு ஆவணங்களைச் சுருக்க இயலாது. மேலும், 'இவ்வளவு பணிக்கு இவ்வளவு தொகை' என்று முன்கூட்டியே உறுதிசெய்யும் ஒப்பந்த முறைக்கும், பணியின் அளவு வழியில் மாறக்கூடிய இவ்வணுகுமுறைக்கும் இடையே இன்றும் இழுபறி உண்டு. பணியின் அளவை வரையறுப்பதற்கு மாறாக, காலத்தையும் குழுவையும் வரையறுத்து, மதிப்பு மிக்கதை முதலில் பெறுவது அதற்கான ஒரு தீர்வு.

நிறைவாக

நெகிழ்வு என்றால் கட்டுப்பாடின்மை என்று பொருள்கொள்வோர் உளர். மேலே கண்ட சான்றுகள் அதற்கு மாறானதையே உணர்த்துகின்றன. நெகிழ்ந்து செல்லும் குழுவிற்கு மற்றவற்றினும் கூடுதலான ஒழுங்கு தேவை. குறித்த நாளில் காட்ட வேண்டும். காட்டியதில் குறை இருந்தால் ஒப்ப வேண்டும். ஒப்பியதைத் திருத்த வேண்டும். ஆளுவோர்க்கும் கடமை மிகுகிறது. அறிக்கையைப் படிப்பதோடு நில்லாமல் பணியின் அருகில் சென்று காண வேண்டும். நெறியில்லாத நெகிழ்வு சிதறிப்போகும். நெகிழ்வில்லாத நெறி முறிந்துபோகும். இரண்டும் இணையும் இடத்திலேயே மக்கள் பணம் மக்கள் பயனாக மாறுகிறது.

கலைச்சொல் அறிவோம்

அஜைல் – நெகிழ்திறன்
கவர்னன்ஸ் – ஆளுகை
வாட்டர்ஃபால் – அருவி முறை
ஸ்பிரின்ட் – குறுஓட்டம்
யூசர் ஸ்டோரி – பயனர் கதை
ஆடிட் – தணிக்கை
பீட்டா – வெள்ளோட்டம்

கற்பவை கற்றபின்

1. பள்ளி ஆண்டுவிழா, இதழ் வெளியீடு போன்ற பணி ஒன்றைத் தெரிவுசெய்து, அதனை ஒரு வாரக் குறுஓட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றின் முடிவிலும் எதனைக் காட்டுவீர்கள் எனப் பட்டியலிடுக.
2. திருக்குறளின் 'தெரிந்துசெயல்வகை', 'தெரிந்து வினையாடல்' ஆகிய அதிகாரங்களைப் படித்து, பொறுப்பைப் பகிர்ந்தளித்தல் குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா
1. மேலாண்மைக்கும் ஆளுகைக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. டொயோட்டா நிறுவனத்தில் கயிறு இழுக்கும் முறை ஆளுகைச் சீர்திருத்தம் எனப்படுவது ஏன்?

சிறுவினா
1. அருவி முறையின் நிறைகுறைகளை எழுதுக.
2. 'கையொப்பமிடும் கை, பொத்தானை அழுத்தியும் பார்க்க வேண்டும்' – விளக்குக.

நெடுவினா
1. சென்டினல், யுனிவர்சல் கிரெடிட் ஆகிய திட்டங்களை ஒப்பிட்டு, நெகிழ்வுக்கு நெறி இன்றியமையாதது என்பதை நிறுவுக.